தாம்பரம் சானடோரியம்: அவசரப்பட முடியாதவர்களின் ஸ்டேஷன்

சித்த மருத்துவமனைக்கு முதல் தடவையாகப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தாம்பரம் வரை போகாதீர்கள். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து வரும் வண்டி குரோம்பேட்டையைத் தாண்டியதும் எழுந்து கதவுப் பக்கம் வந்துவிடுங்கள். அடுத்து வருவதுதான் தாம்பரம் சானடோரியம். அங்கே இறங்கி ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் வெளியே வந்தால் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் நடக்கிற தூரம்தான். விவரம் தெரியாமல் தாம்பரத்தில் இறங்கினால் அந்தப் பெரிய ஸ்டேஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து, வந்த திசையிலேயே திரும்பி வரவேண்டும். உடம்பு முடியாதவரைக் கூட்டிக்கொண்டு இத்தனை அலைச்சல் எதற்கு?

நான் சைதாப்பேட்டைக்காரி. காசநோய்ப் பிரிவில் ஹெல்த் விசிட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையில் இருந்த காலத்தில் இங்குள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு, எங்கள் வாயில் டி.பி. ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு இந்த ஸ்டேஷனில் இறங்குவேன். இப்போது அம்மாவோடு இறங்குகிறேன். அம்மாவுக்குக் காளாஞ்சகப்படை, அதாவது சொரியாசிஸ் என்ற தோல் நோய். சித்த மருத்துவமனையில்தான் பார்க்கிறோம். அதனால் இந்த ஸ்டேஷனை நான் பார்க்கிற பார்வை, தினமும் ஆபீஸ் போகிறவர் பார்வை இல்லை. கையைப் பிடித்து ஒருவரை இறக்கி, உட்காரவைத்து, மூச்சு விட நேரம் கொடுத்து, பிறகு நடத்திக் கூட்டிப் போகிறவளின் பார்வை. இந்தக் கணக்கில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சென்னை புறநகர் ரயிலில் கிண்டி, மாம்பலம் மாதிரி ஸ்டேஷன்களில் ஆளை ஆள் தள்ளிக்கொண்டுதான் இறங்கவேண்டும். சானடோரியத்தில் அந்தத் தள்ளுமுள்ளு இல்லை. காலை ஷிப்ட் நேரத்தில் மட்டும் மெப்ஸுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக இறங்குவார்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, கையில் போன், வேக நடை. 1984இல் ஏற்றுமதி வளாகமாகத் தொடங்கிய மெப்ஸில் எங்கள் தெருப் பெண்கள் எத்தனையோ பேர் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (பெயர் வேண்டாம்) கேட்டுக்குள் நுழையக் கொஞ்சம் தாமதமானாலும் அரை நாள் சம்பளம் போய்விடும். அதனால்தான் அந்த வேகம். நோயாளியோடு வருகிறவர்கள் அந்தக் கூட்டம் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு அப்புறம் கிளம்பினால் போதும். அந்தப் பெண்களே வழிவிடுவார்கள், அது வேறு விஷயம். "பாட்டி, மெதுவா வாங்க" என்று அம்மாவின் பையை வாங்கிக்கொண்டு படிக்கட்டு முடியும்வரை கூட வந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவளுக்கும் நேரமாகிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அந்தக் கூட்டம் போன பிறகு நடைமேடையில் யார் மிஞ்சுகிறார்கள் என்று பாருங்கள். எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருப்பவர், துணிப்பையில் காலி பாட்டிலும் டப்பாவும் கொண்டுவந்த வயதானவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி, முழங்கால் வலிக்காரர்கள் நாலைந்து பேர். இந்த ஸ்டேஷனில் பாதி நேரமும் இருப்பது இவர்கள்தான். எக்ஸ்ரே கவர் வைத்திருந்தால் நெஞ்சக மருத்துவமனை, காலி பாட்டில் வைத்திருந்தால் சித்த மருத்துவமனை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

இவர்களை இங்கே கூட்டிவந்தது டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பவர். 1928இல் அவர்தான் இங்கே காசநோயாளிகளுக்காகச் சானடோரியம் தொடங்கினார். அப்போது டி.பி.க்கு மருந்தே கிடையாது. டி.பி.யைக் குணப்படுத்திய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்ததே 1943இல்தான். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இவ்வளவுதான் வைத்தியம். அதற்கு ஊருக்கு வெளியே, மரமும் வெளியுமாக ஓர் இடம் வேண்டியிருந்தது. தாம்பரம் அப்போது அப்படி இருந்தது. சௌரிமுத்து அதற்கு முன்பே இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1914இல் கணிதமேதை ராமானுஜன் சென்னையிலிருந்து கப்பலேறியபோது அதே கப்பலில் இவரும் போனார். மூன்று வருஷம் கழித்து ராமானுஜன் உடம்பு கெட்டு, டி.பி. என்று கருதப்பட்டு ஒவ்வொரு மருத்துவமனையாகப் போனபோது, அவற்றில் ஒன்று இவருடைய மெண்டிப் சானடோரியம். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்த வழியாகப் போனால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம். சௌரிமுத்து தொடங்கிய இடம் 1937இல் அரசு கைக்குப் போனது.

1931இல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மீட்டர்கேஜில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாட்டுவண்டியிலும் நடையிலும் நோயாளியைக் கொண்டுபோன குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த மீட்டர்கேஜ் மின்சார வண்டிகள் 2004 வரை ஓடின. என் வேலைக் காலத்தில் பாதி அதில்தான் போனது. பெட்டி குறுகல், எதிரெதிராக உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். ஆனால் ஏறி இறங்க வயசானவர்களுக்கு அது கைக்கு அடக்கமான வண்டி. இப்போதைய அகலப்பாதை வண்டி பெரிசு, நின்றுகொள்ளவும் இடம் அதிகம். அதே அளவுக்கு, ஏறும்போது காலைத் தூக்கி வைக்கவேண்டியதும் அதிகம்.

இதே ரயில் பாதையில் வடக்கே சேத்துப்பட்டு ஸ்டேஷன் இருக்கிறது. காசநோய் வேலை பார்த்த எங்களுக்கு இந்த இரண்டு ஸ்டேஷனும் ஒரு கதையின் இரண்டு முனைகள். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் படுக்கவைத்தும், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீடு என்றால் வசதியான வீடு இல்லை. அன்றைய மெட்ராஸின் நெருக்கமான, ஏழை வீடுகள். 1959இல் முடிவு வெளிவந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலேயே ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது. கூட இருக்கிற குடும்பத்துக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் படிப்படியாக மூடியதற்கு அந்த ஆராய்ச்சி ஒரு முக்கியக் காரணம். நான் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கும் வேலையே அதிலிருந்து வந்ததுதான். அதனால் சேத்துப்பட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு மனசில் ஒரு மரியாதை எழும்.

வீட்டிலேயே பார்க்க முடியாதவர்கள் என்றும் சிலர் உண்டு. மருந்துக்கு அடங்காத டி.பி., எச்.ஐ.வி.யோடு சேர்ந்த டி.பி., ரத்தம் கக்குகிறவர்கள். அவர்களுக்காகத்தான் தாம்பரம் மருத்துவமனை இன்னமும் நிற்கிறது. தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. என்றாலே கதவைச் சாத்திய காலத்தில் இங்கே கதவு திறந்திருந்தது. 2004இல் அரசு, எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது முதலில் தொடங்கிய மையங்களில் இதுவும் ஒன்று. ஆந்திராவிலிருந்துகூட ராத்திரி ரயிலேறி வருவார்கள். காலையில் இந்த நடைமேடையில் தெலுங்கும் கேட்கும்.

அந்தக் காலத்தில் டிக்கெட் கவுன்டரில் நான் கவனித்த ஒன்றைச் சொல்லவேண்டும். நிறைய நோயாளிகள் கவுன்டரில் "சானடோரியம்" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பின்னால் நிற்கிறவர் காதில் விழுந்துவிடுமே என்று "தாம்பரம் ஒண்ணு" என்று டிக்கெட் எடுத்துவிட்டுச் சானடோரியத்திலேயே இறங்கிவிடுவார்கள். தெரிந்தவர் யாராவது வண்டியில் இருந்தால் நிஜமாகவே தாம்பரம் வரை போய், அடுத்த பீச் வண்டியில் திரும்பி வருகிறவர்களும் இருந்தார்கள். இருமலை அடக்கிக்கொண்டு, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அந்த ஒரு ஸ்டேஷன் தூரத்தை இரண்டு முறை கடந்துபோவார்கள். இப்போது அந்தப் பயம் குறைந்திருக்கிறது. சித்த மருத்துவமனை வந்ததும், அதற்கு வரும் கூட்டமும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சானடோரியம் போகிறேன் என்றால் இன்றைக்கு "மூட்டு வலிக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தச் சித்த மருத்துவமனை 2005 செப்டம்பரில் திறந்தது. பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்தார். சித்த வைத்தியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்த அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் அதற்கு. வெளிநோயாளிப் பிரிவு காலை நேரத்தில்தான். ஆனால் வருஷத்தில் எல்லா நாளும் உண்டு, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. வேலைக்குப் போகிற பிள்ளைகள் பெற்றவர்களை ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டிவர முடிகிறது. இதில் ஒரு எச்சரிக்கை: ஞாயிற்றுக்கிழமை புறநகர் வண்டிகள் குறைவு. பராமரிப்பு வேலை என்று சில நாள் நடுவில் பல வண்டிகளை ரத்தும் செய்வார்கள். முந்தின நாள் செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வருகிற சர்க்கரை நோயாளியை நடைமேடையில் ஒரு மணி நேரம் காத்திருக்க வைக்கக்கூடாது.

டிக்கெட் விஷயம் எளிது. குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். சென்னையில் ஒரு டீயைவிட மலிவாக மருத்துவமனைக்கு வந்து சேரக்கூடிய வழி இது. அம்மாவோடு போகும்போது ரிட்டர்னும் சேர்த்து எடுத்துவிடுவேன். திரும்பும்போது கையில் பாட்டிலும் பொட்டலமுமாக வரிசையில் நிற்க வேண்டாம். போனில் எடுக்கத் தெரிந்தவர்கள் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, தெற்கிலிருந்து எழும்பூர் வரும் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். அங்கே இறங்கி, பீச் போகும் லோக்கலில் ஏறினால் முதல் ஸ்டேஷனே சானடோரியம். எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. இரண்டாவது, சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் காசநோயாளிக்கு ரயில் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை உண்டு. கூட வருகிற ஒருவருக்கும் உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்து வந்து போகிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் வண்டியில்தான் ஏறவேண்டும். ஃபாஸ்ட் லோக்கலில் ஏறினால் சானடோரியம் ஜன்னல் வழியே ஓடிப்போய்விடும். ஏறும்போதே பக்கத்தில் ஒருவரிடம் "சானடோரியம் நிக்குமா?" என்று கேட்டுவிடுங்கள்.

எந்தப் பெட்டியில் ஏறுவது என்பதும் முக்கியம். 12 பெட்டி வண்டி நீளமானது. தப்பான முனையில் இறங்கினால் வெளியே போகும் வழிக்கு நடைமேடை நீளம் முழுக்க நடக்கவேண்டும். நமக்கு அது ஒன்றுமில்லை. நுரையீரல் பாதி போனவருக்கு அதுவே ஒரு நாள் உழைப்பு. முதல் தடவை இறங்கும்போது எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு நேரே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் ஸ்டேஷனிலேயே அந்த இடத்தில் போய் நின்று ஏறலாம்.

காற்று விஷயத்தில் இந்தச் சாதாரண மின்சார வண்டி ரொம்ப நல்லது. கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து ஓடுவதால் பெட்டிக்குள் காற்று தேங்குவதே இல்லை. டி.பி. அதிகமாகப் பரவுவது மூடிய, காற்றோட்டமில்லாத இடத்தில்தான். ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து சில வாரங்களிலேயே பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் எக்ஸ்ரே கவரோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போகாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனதும் அந்த நோயாளியின் முகம் எப்படிச் சுருங்கும் என்று எத்தனையோ முறை பார்த்தவள் நான். மருந்தை நடுவில் விட்டவர்களைத் தேடிப் போய் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், ஆஸ்பத்திரியைப் பற்றியோ மாத்திரையைப் பற்றியோ பேசமாட்டார்கள். வழியில் யாரோ ஒருவர் முகம் சுளித்ததைத்தான் சொல்வார்கள். 2025லிருந்து இந்தப் பாதையில் ஏ.சி. மின்சார வண்டியும் ஓடுகிறது. கதவு மூடிய பெட்டி அது. இருமல் இருக்கிறவர்கள் அதில் ஏறுவதாக இருந்தால் மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது. முடிந்தால் சாதாரண வண்டியிலேயே வாருங்கள்.

இனி அந்தக் குறைத்த நட்சத்திரம். புறநகர் வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நிற்பது அரை நிமிஷம் இருந்தால் அதிகம். அதற்கு நியாயமான காரணம் உண்டு. பின்னாலேயே அடுத்த வண்டி வருகிறது, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமானால் பாதை முழுக்க நெரிசல்தான். ஆனால் அம்மா இறங்குவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முதலில் கம்பியைப் பிடிக்கவேண்டும். பிறகு வலது காலை முன்னால் வைத்துக் கீழே பார்ப்பாள். வண்டிக்கும் நடைமேடைக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அதற்குமேல் ஒரு படி அளவு பள்ளம். அந்த இடைவெளியைப் பார்த்ததும் காலைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வாள். நான் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டினால் ஒரு கையை என் தோளில் வைத்து, கண்ணை ஒரு கணம் மூடி, உடம்பு மொத்தத்தையும் என்மேல் சாய்த்து இறங்குவாள். பின்னால் நிற்கிறவர்கள் பொறுமையாகத்தான் நிற்பார்கள். ஆனாலும் மேலே ஏறக் காத்திருப்பவர்கள் ஏறுவதற்குள் ஹாரன் கேட்டுவிடும். அப்போது ஓடுகிற வண்டியில் தாவி ஏறுகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். இந்தப் பாதையில் எல்லா ஸ்டேஷனிலும் கேட்கவில்லை. மருத்துவமனைகளை நம்பியிருக்கிற இந்த ஒரு ஸ்டேஷனில், வெளிநோயாளிப் பிரிவு நடக்கும் காலை வேளையில் மட்டும், இன்னும் பத்து நொடி கூடுதலாக வண்டி நின்றால் போதும். கேட்பது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று காது சம்பந்தப்பட்டது. கொஞ்ச வருஷத்துக்கு முன்பு வரை மருந்துக்கு அடங்காத டி.பி.க்குத் தினமும் ஊசி போடுவோம். கனாமைசின் என்று பெயர். உயிரைக் காப்பாற்றுகிற மருந்துதான், ஆனால் சிலருக்குக் காது கேட்காமல் போய்விடும். அப்படி ஒரு பையனை, கல்லூரி வயசு, பரிசோதனைக்குக் கூட்டிவந்தேன். நடைமேடையில் அவன் முன்னால் நடந்துகொண்டிருந்தான். நிற்காமல் போகும் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. எல்லோரும் ஒதுங்கினார்கள், அவன் மட்டும் அப்படியே நடந்தான். "தம்பி, தம்பி" என்று கத்தி என்ன பிரயோஜனம்? ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வண்டி கடந்துபோன காற்றில்தான் அவனுக்கு விஷயமே தெரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். "கேட்கலைக்கா" என்றான். இப்போது பெரும்பாலும் மாத்திரைகளாலேயே சிகிச்சை கொடுக்கிறார்கள், அந்த ஊசி ஓரம்போய்விட்டது. அதில் காது போனவர்கள் இன்னும் நம் நடுவில்தான் நடந்து போகிறார்கள். வயசில் காது மந்தமானவர்களும் நிறைய. அதனால் இந்த மாதிரி ஸ்டேஷனில் ஒலிபெருக்கி அறிவிப்பை மட்டும் நம்பக்கூடாது. அடுத்த வண்டி நிற்குமா, நிற்காமல் போகுமா என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில், நடைமேடையின் எந்தப் பக்கம் நின்றாலும் தெரிகிற மாதிரி காட்டவேண்டும். நோயாளியோடு வருகிறவர்கள் நடைமேடையில் அவரை உள்பக்கமாக நடக்கவிட்டு நீங்கள் தண்டவாளப் பக்கம் நடங்கள்.

படிக்கட்டு ஏற முடியாதவருக்கு நான் சொல்லும் வழி வேறு. மூச்சிரைப்பு அதிகமாக இருக்கிற நாளில் தாம்பரத்தில் இறங்கி, அங்குள்ள நகரும் படிக்கட்டையும் லிஃப்டையும் பயன்படுத்தி வெளியே வந்து ஆட்டோ பிடியுங்கள். முதலில் தாம்பரம் போகாதீர்கள் என்று சொன்னது நடக்க முடிந்தவர்களுக்கு. ஆட்டோவுக்கு ஆகிற காசு, படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுவதைவிட மேல்.

உட்காருவது என்றதும் பெஞ்சைப் பற்றியும் சொல்கிறேன். நுரையீரல் நோயாளி நம்மைப் போல் பின்னால் சாய்ந்து உட்கார மாட்டார். முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளை உயர்த்தித்தான் மூச்சு இழுப்பார். அவரை "நிமிர்ந்து உட்காருங்க" என்று யாரும் சொல்லாதீர்கள். அந்த உட்காரலில்தான் அவருக்குக் காற்று போகிறது. சாய்மானம் இல்லாத, முழங்கால் உயரத்துக் கல் பெஞ்ச் அவருக்குச் சரியாக இருக்கும். அதுவே மூட்டு வலிக்கார அம்மாவுக்கு எழுந்திருக்கக் கைப்பிடி வேண்டும். இரண்டு வகை நோயாளியும் வருகிற இடத்தில் இரண்டு வகை இருக்கையும் போடலாம். ஸ்டேஷன் கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

சுற்றுப்புறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை, மறு பக்கம் சிட்லபாக்கம். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். சிக்னல் விழுந்தும் வண்டிகள் சீறிக்கொண்டு வரும். நாலு பேர் சேரும்வரை நின்று, சேர்ந்து கடந்துவிடுங்கள். பொங்கல், தீபாவளிக்கு முன்னால் இங்குள்ள பஸ் நிலையத்திலிருந்து சிறப்புப் பஸ்கள் விட்ட வருஷங்களில் இந்தச் சின்ன ஸ்டேஷன் தாங்காத கூட்டம் வந்திருக்கிறது. அந்த நாட்களில் நோயாளியைக் கூட்டிவர நேர்ந்தால் காலை முதல் வண்டிகளிலேயே வந்துவிடுவது நல்லது. டீக்கடையில் சூடாக ஏதாவது கிடைக்கும். பத்தியத்தில் இருப்பவர்கள் பஜ்ஜி வாசனை பக்கம் திரும்பாமல் போகவேண்டும். அம்மாவுக்குப் புளியும் கருவாடும் கத்தரிக்காயும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் வீட்டிலிருந்து மிளகு போட்ட பொங்கல் கட்டி எடுத்துவந்து, மருந்து வாங்கி முடித்த பிறகு நடைமேடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவோம். பதினொரு மணிக்கு மேல் நடைமேடை காலியாக இருக்கும். பக்கத்தில் இருப்பவரும் டப்பாவைத் திறப்பார். என்ன உடம்புக்கு, எத்தனை நாளாக, எந்த டாக்டர் என்று பேச்சு போகும். அம்மா வீட்டில் தன் தோல் நோயைப் பற்றிப் பேசவே மாட்டாள், புடவைத் தலைப்பால் கையை மூடியே வைத்திருப்பாள். இந்தப் பெஞ்சில் மட்டும் கையை நீட்டிக் காட்டுவாள். "முன்னால இங்க வரைக்கும் இருந்துச்சு, இப்ப அரிப்பு குறைஞ்சிருக்கு" என்பாள். எதிரில் இருப்பவரும் தன் முழங்காலைக் காட்டுவார்.

திரும்பும்போது ஒரு வேலை இருக்கிறது. காளாஞ்சகப்படைக்கு வெட்பாலைத் தைலம் கொடுப்பார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுப்பது. கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். பார்க்க அழகு, துணியில் பட்டால் போகவே போகாது. வண்டியில் பாட்டிலைப் பையோடு மேல் தட்டில் வைத்துவிட்டால் குலுங்கிக் குலுங்கி மூடி வழியாகக் கசிந்து, கீழே உட்கார்ந்திருப்பவர் சட்டையில் சொட்டும். மூடிக்குக் கீழே ஒரு பாலிதீன் துண்டை வைத்து இறுக்கி, பாட்டிலை நிமிர்த்தி மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மத்தியான நேரத்துப் பீச் வண்டியில் உட்கார இடம் தாராளமாகக் கிடைக்கும்.